லைன் கட் ஆனது பெட்டிக்கும் தெரிய வேண்டும்: டெலிபோன் டோன்களைக் கேட்டு, அளந்து, பிபிஎக்ஸில் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு அச்சகத்துக்குச் சின்ன ஐபி பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் பெட்டி) ஒன்று அமைத்துக் கொடுத்திருந்தேன். இரண்டு லேண்ட்லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, வாய்ஸ்மெயில் நிறைஞ்சுபோச்சுன்னு சொல்லுது. போட்டுக் கேட்டா எல்லாமே டூ... டூ... டூன்னு வருது. லைனும் கிடைக்க மாட்டேங்குதுன்னு கஸ்டமர் திட்டுறாங்க."

போய்க் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. மெசேஜ் எல்லாமே எங்கேஜ்டு டோன். கூப்பிட்டவர் போனை வைத்துவிட்டார். எக்ஸ்சேஞ்ச் தன் பங்குக்கு டோன் கொடுத்துவிட்டது. என் பெட்டிதான் அந்த டோனை யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துப் பொறுமையாகப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. அதுவரை லைன் பிஸி.

தப்பு என்னுடையதுதான். பெட்டி அமெரிக்க அமைப்போடு வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, சரி, முடிந்தது என்று கிளம்பினேன். முடியவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அனலாக் லேண்ட்லைனை பிபிஎக்ஸிலோ கேட்வேயிலோ (சாதாரண லைனை இணையவழிப் போனோடு சேர்க்கும் பெட்டி) இணைப்பவர்களுக்கு இது உதவும். உதாரணங்களுக்கு இந்திய டோன்களையும் ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு பெட்டி வைத்திருந்தாலும் வழி இதேதான், மெனுவின் பெயர்கள் மட்டும் மாறும்.

தேவையானவை: ஒரு சாதாரண டெலிபோன், ஒரு செல்போன், கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், உதவிக்கு ஒரு நண்பர், அரை நாள் நேரம்.

முதலில், இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

ரிசீவரை எடுத்ததும் லைனில் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. எக்ஸ்சேஞ்ச் அதைக் கவனித்து, "நான் தயார், எண்ணை அழுத்து" என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு சத்தத்தை இணைக்கிறது. அதுதான் டயல் டோன். முதல் எண்ணை அழுத்தியதும் அது நின்றுவிடும். நிற்காவிட்டால் எக்ஸ்சேஞ்சுக்கு உங்கள் எண் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பழுது பார்ப்பவருக்கு இந்த ஒரு குறிப்பே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

ரிங் விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நம் காதில் கேட்பது எதிர்ப்பக்கத்து மணிச் சத்தம் இல்லை. அங்கே மணியை அடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது சுமார் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். நமக்கு அனுப்புவது 400 ஹெர்ட்ஸில் தனியாக ஒரு டோன். இரண்டும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. "இங்க ரிங்கே போகல, அதுக்குள்ள எடுத்துட்டீங்க" என்று சிலர் ஆச்சரியப்படுவதற்கு இதுதான் காரணம்.

ஸ்ட்ரௌஜர் என்ற பழைய இயந்திர வகை எக்ஸ்சேஞ்சுகளில் ரிங்கிங் மெஷின் என்று ஒன்று இருக்கும். மோட்டார் சுற்றும். அதன் தண்டில் பொருத்திய பல்சக்கரம் போன்ற வட்டுகள் டோனை விட்டுவிட்டு இணைக்கும். இன்றைக்கு எல்லாம் சிப்புக்குள் போய்விட்டது, ஆனால் கணக்கு அப்படியே இருக்கிறது. இந்திய ரிங் டோனின் ஒரு சுற்று 3 வினாடி. எங்கேஜ்டு டோனின் ஒரு சுற்று அதில் சரிபாதி, 1.5 வினாடி. பாதை கிடைக்காதபோது வரும் நெரிசல் டோனின் சுற்று அரை வினாடி. எல்லாமே மூன்றுக்குள் மிச்சமில்லாமல் அடங்குகின்றன. சுற்றும் தண்டை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த எண்கள் எளிதில் மறக்காது.

படி 1: காதைப் பழக்குங்கள்

ஒவ்வொரு டோனுக்கும் இரண்டு குணம் உண்டு. ஒன்று சுருதி, அதாவது எத்தனை ஹெர்ட்ஸ். இன்னொன்று தாளம், அதாவது எவ்வளவு நேரம் ஒலித்து எவ்வளவு நேரம் ஓய்கிறது. இந்திய லேண்ட்லைனில் சுருதி பெரும்பாலும் ஒன்றேதான், 400 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் ஒரு டோனை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது தாளம் மட்டும்தான். இதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் கை கொடுக்கும்.

டயல் டோன்: இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வரும். 400 ஹெர்ட்ஸை 25 ஹெர்ட்ஸால் அதிரவைத்தது, அதனால் கொஞ்சம் கரகரப்பாக உறுமும்.

ரிங் டோன்: 0.4 வினாடி ஒலி, 0.2 ஓய்வு, மறுபடி 0.4 ஒலி, பிறகு 2 வினாடி ஓய்வு. நமக்குப் பழக்கமான "ட்ரிங் ட்ரிங்... ட்ரிங் ட்ரிங்". இந்த இரட்டை மணி பிரிட்டிஷ் வழக்கம். அங்கே இன்றும் இதே 0.4, 0.2, 0.4, 2.0 தாளம்தான், சுருதி மட்டும் வேறு. அமெரிக்காவில் 2 வினாடி நீளமாக ஒரே மணி, 4 வினாடி ஓய்வு.

எங்கேஜ்டு டோன்: 0.75 ஒலி, 0.75 ஓய்வு. நிதானமான டூ... டூ.

நெரிசல் டோன்: 0.25 ஒலி, 0.25 ஓய்வு. இது பரபரப்பாக வரும். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடுவழியில் பாதை கிடைக்கவில்லை. உடனே திரும்ப முயன்றால் கிடைக்கவும் கூடும்.

கால் வெயிட்டிங்: பேச்சின் நடுவில் 0.2 ஒலி, 0.1 ஓய்வு, 0.2 ஒலி, பிறகு 7.5 வினாடி அமைதி.

இவை போக, அறிவிப்புக்கு முன்னால் ஏறுமுகமாக மூன்று சத்தம் வருவதைச் சில சமயம் கேட்டிருப்பீர்கள். 950, 1400, 1800 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 330 மில்லிவினாடி. "அடுத்து வருவது அறிவிப்பு, மனிதர் எடுக்கவில்லை" என்று இயந்திரங்களுக்கும் புரியட்டும் என்று ஐடியு (ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு) வகுத்த சர்வதேச அடையாளம் இது.

மென்பொருள் எதுவும் இல்லாமல் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 வினாடி எண்ணுங்கள். 10 தடவை வந்தால் இந்திய எங்கேஜ்டு. 15 வந்தால் அரை வினாடி ஒலி, அரை வினாடி ஓய்வு என்ற தாளம், அமெரிக்க அமைப்புள்ள ஏதோ ஒரு பெட்டி நடுவில் இருக்கலாம். 20 என்றால் 0.375 வினாடி கணக்கு, பிரிட்டிஷ் எங்கேஜ்டு. 30 என்றால் இந்திய நெரிசல் டோன். போனில் பேசியே அடுத்த ஊர் ஆளின் பிரச்சினையைக் கண்டுபிடிக்க எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது. "எண்ணிச் சொல்லுங்க சார்" என்றால் போதும்.

படி 2: டோன்களை வேண்டுமென்றே வரவழையுங்கள்

பெட்டியைக் கழற்றிவிட்டு, லைனில் சாதாரண டெலிபோனை நேரடியாக இணையுங்கள். பெட்டி நடுவில் இருந்தால் நீங்கள் கேட்பது எக்ஸ்சேஞ்ச் டோனா, பெட்டி தானே உண்டாக்கிய டோனா என்று தெரியாது.

டயல் டோனுக்கு ரிசீவரை எடுத்தால் போதும். எங்கேஜ்டு டோனுக்கு அதே லைனிலிருந்து அதே எண்ணுக்கே டயல் செய்யுங்கள். இன்னொரு எண்ணைப் பிஸியாக வைத்து அழைத்தால் அங்கே கால் வெயிட்டிங் இருந்து ரிங் போய்விடும், வீண் குழப்பம்.

மிக முக்கியமானது, எதிர்ப்பக்கம் வைத்த பிறகு வரும் டோன். அச்சகத்தில் என்னைக் கவிழ்த்தது இதுதான். இதை இரண்டு திசையிலும் சோதிக்க வேண்டும். முதலில் நண்பர் உங்கள் லேண்ட்லைனை அழைக்கட்டும். நீங்கள் எடுங்கள், அவர் வைக்கட்டும், நீங்கள் வைக்காமல் ஒன்றரை நிமிடம் கேளுங்கள். அப்புறம் நீங்கள் அவரை அழையுங்கள், அவர் எடுத்துவிட்டு வைக்கட்டும், மறுபடி ஒன்றரை நிமிடம்.

ஏன் இரண்டு திசை? பழைய டெலிபோன் மரபில் அழைப்பு, அழைத்தவருக்குச் சொந்தம். அழைத்தவர் வைத்தால் உடனே துண்டிக்கப்படும். எடுத்தவர் வைத்தால் எக்ஸ்சேஞ்ச் சற்றுக் காத்திருக்கும். ஹாலில் போனை வைத்துவிட்டு உள்ளறையில் எடுப்பவருக்கு வசதியாக வந்த வழக்கம் அது. அதனால் இரண்டாவது சோதனையில் கொஞ்ச நேரம் வெறும் அமைதி வந்து, பிறகு டோன் வரலாம். அந்த அமைதியின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பதிவு செய்யுங்கள்

ஒரு எச்சரிக்கை. டெலிபோன் ஒயரை எடுத்துக் கணினியின் மைக் துளையில் நேரடியாகச் சொருகாதீர்கள். சும்மா இருக்கும்போதே லைனில் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் அதன் மேல் ஏறும். கணினி தாங்காது.

எளிய வழி, ரிசீவரின் காதுப்பக்கத்தைச் செல்போன் மைக் அருகே பிடித்துப் பதிவு செய்வது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பல செல்போன்களின் பதிவுச் செயலிகள் இரைச்சலைக் குறைக்கின்றன. சீராக ஒரே மாதிரி வரும் ஒலியை அவை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். டயல் டோன் முதல் ஒரு வினாடி கணீரென்று வந்து பிறகு தேய்ந்துபோனால், தேய்ந்தது டோன் இல்லை, உங்கள் செயலி வேலை பார்க்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

இன்னும் நல்ல வழி, பெட்டியையே திரும்ப மாட்டி அதன் கால் ரெக்கார்டிங் வசதியில் பதிவு செய்வது. பெட்டியின் காதில் என்ன விழுகிறதோ அதுவே கோப்பில் இருக்கும். இங்கே கோடெக் (ஒலியை எண்களாக மாற்றும் முறை) ஜி.711 ஏ-லாவாக இருக்கட்டும், இந்தியாவின் வழக்கம் அதுதான். ஜி.729 மனிதக் குரலுக்காகச் செய்தது, டோனைக் கொஞ்சம் கசக்கிவிடும்.

படி 4: அளந்து பாருங்கள்

கோப்பை ஆடாசிட்டியில் திறந்தால் எங்கேஜ்டு டோன் செங்கல் அடுக்கியது போலத் தெரியும். ஒரு செங்கல் தொடங்கும் இடத்திலிருந்து பதினோராவது செங்கல் தொடங்கும் இடம் வரை தேர்ந்தெடுங்கள். அது பத்துச் சுற்று. கீழே காட்டும் நேரத்தைப் பத்தால் வகுங்கள். 15.0 வினாடி என்றால் ஒரு சுற்று 1.5. ஒரே சுற்றை மட்டும் அளந்தால் கை நடுங்கிய அளவெல்லாம் முழுதாகக் கணக்கில் சேரும். பத்தை அளந்தால் பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும்.

அடுத்து ஒலி எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்று தனியாக அளவெடுங்கள். சுற்று 1.5 வினாடி என்பதாலேயே 0.75, 0.75 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓய்வு இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கோடு தட்டையாக இருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்று படி 6-ல் சொல்கிறேன்.

இனி சுருதி. அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இந்திய டயல் டோனைப் போட்டால் 375, 400, 425 என்று மூன்று முகடுகள் தெரியலாம். மூன்று டோன் கலந்து வருகிறது என்று நினைக்க வேண்டாம். 400-ஐ 25-ஆல் அதிரவைத்தால் இருபுறமும் 25 தள்ளி இரண்டு துணை முகடுகள் வரும் என்பது கணிதம். சில லைன்களில் துணை முகடுகள் இல்லாமல் சுத்தமான 400 மட்டும் வரும்.

அவை பிரிந்து தெரிய வேண்டுமானால் சைஸ் என்ற இடத்தில் பெரிய எண் வேண்டும். வினாடிக்கு 44100 மாதிரிகள் (சாம்பிள்) என்ற வேகத்தில் பதிவு செய்துவிட்டு 1024 வைத்தால் ஒரு கட்டம் 43 ஹெர்ட்ஸ் அகலம், மூன்றும் ஒரே மேடாகிவிடும். 16384 வைத்தால் ஒரு கட்டம் 3 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. பெட்டியில் 8000 வேகத்தில் பதிவானது என்றால் டயல் டோனுக்கு 8192 வையுங்கள், கட்டத்துக்கு ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ். ஆனால் அதற்கு ஒரு வினாடிக்கும் மேல் இடைவிடாத ஒலி வேண்டும். முக்கால் வினாடியே ஒலிக்கும் எங்கேஜ்டு டோனில் 6000 மாதிரிகள்தான் இருக்கும் என்பதால் அதற்கு 4096 போதும்.

படி 5: பெட்டியில் எழுதுங்கள், ஆனால் இரண்டு இடங்களில்

அச்சகத்தில் நான் சறுக்கிய இடம் இது. டோன் என்ற பெயரில் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பெட்டி தன் எக்ஸ்டென்ஷன்களுக்குக் கொடுக்கும் டோன். இன்னொன்று, வெளி லைனில் வருவதைப் பெட்டி கேட்டுப் புரிந்துகொள்ளும் டோன். முதலாவது வாய், இரண்டாவது காது. நாட்டை இந்தியா என்று மாற்றியபோது நான் வாயை மட்டும் மாற்றியிருக்கிறேன். எக்ஸ்டென்ஷனை எடுத்தால் இந்திய டயல் டோன் அழகாக உறுமியது. காது இன்னும் அரைக்கு அரை வினாடி அமெரிக்க எங்கேஜ்டுக்காகவே காத்துக்கொண்டிருந்தது.

வாய்ப்பக்கம் எளிது. ஆஸ்டரிஸ்க்கில் இண்டிகேஷன்ஸ் என்ற கோப்பில் நாடுகள் வரிசையாக இருக்கும், இந்தியாவும் இருக்கிறது. ரிங் டோன் வரி இப்படி:

400*25/400,0/200,400*25/400,0/2000

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெர்ட்ஸ், பின்னால் இருப்பது மில்லிவினாடி, காற்புள்ளி போட்டால் அடுத்த துண்டு. 0 என்றால் அமைதி. முதல் துண்டில் 400 இரண்டு தடவை வந்து குழப்பும்: முதல் 400 சுருதி, கடைசி 400 நேரம். நட்சத்திரக்குறி அதிரவைப்பது, கூட்டல்குறி கலப்பது. அமெரிக்க டயல் டோன் 350+440, அதாவது இரண்டு ஒலிகள் ஒன்றாக. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டால் 25 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்று தனியாகச் சேரும். எங்கேஜ்டு டோன் 400/750,0/750. நெரிசலுக்கு 400/250,0/250. ஒரே ஒரு தடவை ஒலித்து நிற்க வேண்டிய துண்டுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட வேண்டும்: !950/330,!1400/330,!1800/330.

வேறு நிறுவனங்களின் கேட்வே என்றால் அலகைப் பார்த்துப் போடுங்கள். சில பெட்டிகள் வினாடி கேட்கும், 0.75. சில மில்லிவினாடி, 750. சில பத்து மில்லிவினாடிக் கணக்கு, 75. அலகு தெரியாமல் போட்டால் எங்கேஜ்டு டோன் வண்டு பறப்பது போல வரும், அல்லது வரவே வராது.

காதுப்பக்கம் வேறு கோப்பு. ஆஸ்டரிஸ்க்கில் அனலாக் கார்டு மாட்டியிருந்தால் டிஏஎச்டிஐ (அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள்) சேனல் கோப்பில், எங்கேஜ்டு டோனைக் கண்டுபிடிக்கும் பிஸி டிடெக்ட் என்ற வசதியை இயக்க வேண்டும். பிஸி பேட்டர்ன் என்ற இடத்தில் நீங்கள் அளந்த தாளத்தை எழுத வேண்டும்: 750,750. பட்டியலைப் பார்த்து எழுதாமல், அளந்ததை எழுதுங்கள். உங்கள் லைனில் 720, 760 என்று வந்தால் அதுதான் சரியான எண்.

கால் ப்ரோக்ரஸ் என்று இன்னொரு வசதியும் அங்கே கண்ணில் படும். ரிங் போகிறதா, எடுத்துவிட்டார்களா என்றெல்லாம் டோனைக் கேட்டே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுக்கும். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் டோன்களுக்காக எழுதியது, இந்தியாவுக்கென்று தனிப் பட்டியல் அதில் இல்லை. அணைத்தே வையுங்கள்.

படி 6: எத்தனை தடவை கேட்டபின் நம்புவது

பிஸி டிடெக்ட் சுருதியைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சத்தம், அமைதி, சத்தம், அமைதி என்று ஒரே அளவில் மாறிமாறி வருகிறதா என்றுதான் பார்க்கிறது. முதல் படியில் தாளத்தை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான். 400-க்குப் பதில் 425 வந்தாலும் பாதகமில்லை. 750-க்குப் பதில் 500 வந்தால் தீர்ந்தது.

எத்தனை சுற்று கேட்டபின் துண்டிக்க வேண்டும் என்பதைப் பிஸி கவுண்ட் முடிவு செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுற்றுக்கு 1.5 வினாடி, 4 வைத்தால் 6 வினாடி, 8 வைத்தால் 12 வினாடி. குறைவாக வைத்தால் லைன் சீக்கிரம் விடுபடும். ஆனால் யாராவது சீரான தாளத்தில் பேசினாலோ, எதிர்ப்பக்கம் ஹோல்டில் போட்டுத் தாளம் தட்டும் இசை வந்தாலோ, பேச்சின் நடுவில் கட் ஆகும். 2 வைத்துவிட்டு, "அடிக்கடி கட் ஆகுது" என்று லைன்மேனைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகங்களுக்கு நான் 5 அல்லது 6 வைக்கிறேன். வாய்ஸ்மெயிலின் கடைசியில் எட்டு ஒன்பது வினாடி டூ டூ ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அச்சகத்துக்கு வருகிறேன். 750,750 எழுதியதும் ஒரு லைன் சரியாகிவிட்டது. இன்னொன்று அசையவில்லை. இரண்டும் ஒரே எக்ஸ்சேஞ்ச், ஒரே டோன். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஓய்வு இருக்க வேண்டிய இடத்தில் கோடு தட்டையாக இல்லை, மெல்லிய அலையாக நெளிந்தது. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அந்த லைனின் ஒயரை அச்சு இயந்திரத்தின் பவர் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். அந்த ஹம் சத்தத்தால் பெட்டிக்கு அமைதியே காதில் விழவில்லை. அமைதி இல்லாமல் தாளம் ஏது? ஒயரைப் பிரித்து எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்ததும் சரியாகிவிட்டது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து தொலைவில் இருந்தால் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். டோன் தேய்ந்து வந்து, சத்தமே இல்லை என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். அப்போது உள்வரும் ஒலியின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கொஞ்சம் கூட்டலாம். தாராளமாகக் கூட்டினால் ஹம்மும் சேர்ந்து ஏறும், எதிரொலியும் வரும்.

படி 7: டோனை நம்பாமல் இருக்க வழி உண்டா

உண்டு. லைனின் இரண்டு கம்பிகளில் எது பிளஸ், எது மைனஸ் என்பதை எதிர்ப்பக்கம் எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் மாற்றிப்போடும், வைத்ததும் பழையபடி திருப்பும். போலாரிட்டி ரிவர்சல் என்று பெயர். பழைய எஸ்டிடி பூத்துகளில் "ஹலோ" என்ற குரல் கேட்ட கணத்தில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கியது நினைவிருக்கிறதா? அங்கே மீட்டருக்குச் சேதி சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று. உங்கள் லைனில் இது வருகிறதா என்று மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடலாம். நீங்கள் அழைத்து எதிர்ப்பக்கம் எடுத்ததும் வோல்டேஜின் குறி மாறினால் வருகிறது. வந்தால் பெட்டியில் அதை இயக்கிவிட்டு, டோன் அமைப்பைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் சேவை தருபவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள்.

பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைனோ சிப் (SIP) டிரங்க் என்ற இணையவழி லைனோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. துண்டித்த செய்தி எண்ணாகவே வந்துவிடும். அங்கே பிஸி டிடெக்டை அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல அழைப்பை அது வெட்டிவிடும்.

படி 8: சோதனை

படி 2-ல் செய்த இரண்டு திசைச் சோதனையைப் பெட்டியோடு திரும்பச் செய்யுங்கள். கூடவே மூன்றாவது ஒன்று: வாய்ஸ்மெயிலுக்குப் போன அழைப்பைப் பாதியில் வையுங்கள். நான்காவது, எல்லாரும் மறப்பது: வெளியிலிருந்து வந்த அழைப்பை இன்னொரு வெளி லைனுக்கே மாற்றிவிட்டு இருவரும் வையுங்கள். உள்ளே மனிதர் யாரும் இல்லாத இந்த நிலையில்தான் இரண்டு லைனும் ஒன்றுக்கொன்று எங்கேஜ்டு டோன் ஊதிக்கொண்டு இரவு முழுக்கக் கிடக்கும். இரண்டு தாளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பெட்டிக்கு எதுவும் புரியாது. இதற்கு டோனை நம்பாதீர்கள். அதிகபட்ச அழைப்பு நேரம் என்று ஒரு வரம்பு போட்டுவிடுங்கள்.

செல்போனும் சிப்பும் சேரும்போது

செல்போனில் டயல் டோன் கிடையாது. மற்ற டோன்களில் பலவற்றை ஹேண்ட்செட் தானே உண்டாக்குகிறது, 425 ஹெர்ட்ஸில். சிக்னல் போய் அழைப்பு அறுந்தால் மூன்று தடவை டுட் டுட் டுட் என்று வருமே, 0.2 வினாடி ஒலி, 0.2 ஓய்வு, அது ஜிஎஸ்எம் தரத்தில் எழுதி வைத்தது. டவரிலிருந்து வருவதில்லை. அறுந்த பிறகு டவர் எப்படி அனுப்பும்?

சிப் அழைப்பில் 180 என்ற பதில் வந்தால் "அங்கே மணி அடிக்கிறது, உன் ஆளுக்கு நீயே ரிங் டோன் கொடு" என்று பொருள். ஒலியோடு 183 வந்தால் "நான் அனுப்புவதைக் கேட்கவிடு". இரண்டும் குழம்பினால் ரிங்கே கேட்காது, அல்லது அறிவிப்புக்கு மேலேயே ரிங் ஒலிக்கும். டயல் செய்தபின் மயான அமைதி, திடீரென்று "ஹலோ" என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 486 என்றால் பிஸி, அதற்கான டோனை உங்கள் பெட்டிதான் கொடுக்க வேண்டும்.

காலர் ட்யூன் தனித் தலைவலி. ரிங் டோனைக் கேட்டு இயங்கும் எந்த வசதியும் அங்கே தோற்றுப்போகும், ஏனென்றால் ரிங்குக்குப் பதிலாகப் பாட்டு வருகிறது. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ரிங்குக்கு முன்னால் இருமலும் கொரோனா அறிவிப்பும் வந்தது நினைவிருக்கும். குரல் கேட்டால் எதிரே எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்யும் அமைப்புக்கு அந்த இருமலும் ஒரு மனிதர்தான்.

பதிவுகளை அழித்துவிடாதீர்கள்

அளந்த கோப்புகளை லைன் எண், தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டால் எண் அதேதான் இருக்கும், போன் அதேதான் இருக்கும், டோன் மட்டும் மாறியிருக்கலாம். ஃபைபரில் டயல் டோனும் எங்கேஜ்டு டோனும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை, உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும்) பெட்டி அவற்றை உண்டாக்குகிறது. அந்தப் பெட்டியில் எந்த நாட்டின் அமைப்பு இருக்கிறதோ அந்த நாட்டின் தாளம்தான் லைனில் வரும். அச்சகத்திலும் பிறகு ஃபைபர் வந்தது. மறுவாரம் முதலாளி கூப்பிட்டார், பழைய கதை. போனிலேயே 15 வினாடி எண்ணச் சொன்னேன். 15 என்றார். 750,750-ஐ அழித்துவிட்டு 500,500 எழுதினேன்.